கார் நிக்கோபார் தந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சன்

அந்தமானுக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு மரைன் ஹில் பழக்கமான பெயர். போர்ட் பிளேர் துறைமுகத்தை ஒட்டிய பகுதி அது. நகரத்தின் பெயர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டாலும், பழைய பெயர் இன்னும் மக்கள் வாயில் இருக்கிறது. இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறித் தெற்கே சுமார் 270 கிலோ மீட்டர் கடலைக் கடந்தால் கார் நிக்கோபார் தீவு வரும். தென்னை மரங்கள் நிறைந்த, தட்டையான சிறு தீவு. பரப்பு சுமார் 127 சதுர கிலோ மீட்டர். அங்கே போக வெளியார் அரசாங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

அந்தத் தீவின் அரசு மருத்துவமனைக்கு பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை என்று பெயர். பெயரை மட்டும் கேட்டால், யாரோ வெள்ளைக்காரப் பாதிரியார் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ரிச்சர்ட்சன் அந்த மண்ணில் பிறந்த நிக்கோபாரி. பெற்றோர் இட்ட பெயர் ஹா செவ் கா. தீவின் வடக்கே உள்ள மூஸ் கிராமம் அவருடைய சொந்த ஊர். அவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்கிய கதை

நிக்கோபாருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் செய்த டேனிஷ்காரர்கள் 1756-இல் நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையவை என்று அறிவித்தார்கள். 1768-இல் மொரேவியன் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டு நான்கவுரித் தீவில் குடியேறினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தாங்களே காடு வெட்டி, வீடு கட்டி, பயிரிட்டு உழைத்தவர்கள். ஆனாலும் மொழி வசப்படவில்லை. காய்ச்சல் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. 1787-இல் எஞ்சியவர்கள் திரும்பிவிட்டார்கள். தீவில் சபை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை.

1869-இல் நிக்கோபார் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. நான்கவுரித் துறையில் அவர்கள் வைத்திருந்த கைதிகள் குடியிருப்பும் 1888-இல் மூடப்பட்டது. அதன்பின் தீவுகளைப் பார்த்துக்கொள்ளச் சில இடங்களில் அரசாங்க ஏஜெண்டுகள் நியமிக்கப்பட்டார்கள். மூஸ் கிராமத்துக்கு அப்படி வந்தவர்தான் வேதப்பன் சாலமோன்.

சாலமோன் உபதேசியார்

சாலமோன் தமிழ்க் கிறிஸ்தவர், சபையில் உபதேசியார். குருப்பட்டம் பெறாமல், குருவானவருக்குத் துணையாக வேதம் சொல்லிக்கொடுத்து, ஜெபம் நடத்தி, வீடு வீடாகப் போய் விசாரிப்பவரைத் தென்மாவட்டங்களில் உபதேசியார் என்றுதான் அழைப்பார்கள். போர்ட் பிளேரில் வேலை பார்த்த சாலமோன் 1890-களின் நடுவில் கார் நிக்கோபாருக்கு மாறிப் போனார்.

அங்கே அவருக்கு இரண்டு பொறுப்புகள். ஒன்று, சர்க்கார் ஏஜெண்டு வேலை. வரும் கப்பல்கள், தேங்காய் வாங்கும் வியாபாரிகள், அவர்களுடைய லைசென்சு, ஊரில் நடக்கும் சம்பவங்கள் எல்லாவற்றையும் கவனித்து மேலிடத்துக்கு எழுத வேண்டும். மற்றொன்று, சபையின் உபதேசியார் வேலை. முதல் வேலை அவருக்கு அதிகாரம் தந்தது. அதிகாரம் உள்ளவனைக் கண்டு ஊர் ஒதுங்கும் என்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். சாலமோன் அந்த இடைவெளியைப் பள்ளிக்கூடத்தால் குறைத்தார். மூஸில் சிறுவர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். தீவு மக்களின் பேச்சைக் கற்றார். அவர்களுடைய விழாக்கள், சாவுச் சடங்குகள், பயங்கள் ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதினார். அந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அந்தமான் நிக்கோபார் அறிக்கையிலேயே அச்சாயின. தீவைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் இந்தத் தமிழர் எழுதியதைப் புரட்டாமல் போவதில்லை.

பெருங்கூட்டம் ஒன்றும் அவர் காலத்தில் சபையில் சேர்ந்துவிடவில்லை. சிறுவர்கள் சிலரும் அவர்களைச் சார்ந்தவர்களுமே சேர்ந்தார்கள். ஆனால் சாலமோன் ஊரை விட்டுப் போகவில்லை. 1909-இல் அவர் காலமாகும்வரை ஏறக்குறைய 13 ஆண்டுகள் மூஸ்தான் அவருக்கு ஊர். நிலம் கிடையாது, உறவு கிடையாது, சாதி சனம் கிடையாது. செய்த வேலை ஒன்றே அவரை அந்த ஊரோடு கட்டிப்போட்டது.

மாண்டலேக்குப் போன பையன்

சாலமோன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரனாகத் தெரிந்தவன் ஹா செவ் கா. ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரில் சபையில் சேர்ந்த அந்தப் பையனை மேல்படிப்புக்குப் பர்மாவிலுள்ள மாண்டலேக்கு அனுப்பினார்கள். கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ அனுப்பாமல் பர்மாவுக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். அந்நாளில் அந்தமான் நிக்கோபார் சபைகள் ரங்கூன் அத்தியட்சாதீனத்தில் இருந்தன. திருநெல்வேலி, நாசரேத் பக்கத்தாருக்கு நன்கு தெரிந்த எஸ்.பி.ஜி. மிஷன்தான் பர்மாவிலும் பள்ளிகள் நடத்தியது.

கடல் தாண்டி, மலைநாடு தாண்டி, மொழி தெரியாத ஊரில் ஒரு தீவுப் பையன் படித்துத் தேறினான். அப்படிப் படித்தவர்களுக்கு வெளியில் வேலை கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு ரங்கூனில் அன்று நல்ல சம்பளம். ரிச்சர்ட்சன் 1912-இல் மூஸ் கிராமத்துக்கே திரும்பி வந்தார். சாலமோன் விட்டுப்போன பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக நின்றார்.

எழுத்தும் பந்தும்

ஊர் திரும்பிய வாலிபர் முதலில் செய்தது பிரசங்கம் அல்ல, பாடம். பர்மாவில் பழகி வந்த கால்பந்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கார் நிக்கோபாரில் கால்பந்து பரவியதற்கு அவரே காரணம் என்று தீவார் சொல்வார்கள். ஒரு கிராமத்துக்கும் இன்னொரு கிராமத்துக்கும் உள்ள பகை, மைதானத்தில் விளையாட்டாக மாறும்போது பாதி தணிந்துவிடும் அல்லவா?

அதைவிடப் பெரிய வேலை மொழியில் நடந்தது. கார் நிக்கோபார் மொழி தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பர்மாவின் மோன் மொழிக்கும் கம்போடியாவின் கெமர் மொழிக்கும் தூரத்து உறவு. அதற்கென்று எழுத்து இல்லை. ரோமன் எழுத்துகளைக் கொண்டு அதை எழுதும் முறை இந்தக் காலத்தில்தான் நிலைப்பட்டது. தீவில் பணி செய்த ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1925-இல் ஓர் அகராதியை ரங்கூனில் வெளியிட்டார். ரிச்சர்ட்சன் பிள்ளைகளுக்கான வாசிப்பையும், சபைக்கான ஜெபங்களையும் பாட்டுகளையும், பின்னர் வேதாகமத்தையும் தம் தாய்மொழியில் ஆக்கினார். கார் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடு 1950-இல் அச்சானது. பின்னாளில் முழு வேதாகமமும் வந்தது.

வெளியிலிருந்து வந்த மொழியில் ஜெபம் செய்தவர்கள் சொந்தப் பேச்சில் ஜெபம் செய்யத் தொடங்கினார்கள். கோவிலில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் வாசிப்பது புரிந்தது. தேங்காய் எண்ணிக் கொடுக்கும் வாலிபனுக்குக் கணக்கு எழுதத் தெரிந்தது. வியாபாரி சொல்லும் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை மெல்ல மாறியது. துணிக்கும் அரிசிக்கும் புகையிலைக்கும் தேங்காயைப் பண்டமாற்றாகக் கொடுத்துக் கடனில் கிடந்த மக்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

1930-களில் ரிச்சர்ட்சன் குருப்பட்டம் பெற்றார். நிக்கோபாரிகளில் ஒருவர் குருவானவராக நின்று தம் மக்களுக்குத் திருவிருந்து கொடுத்தது அப்போதுதான். ஆயினும் தீவில் பெரும்பாலோர் இன்னும் தங்கள் பழைய வழிபாட்டிலேயே இருந்தார்கள். அவர்களை அவர் விரோதிகளாக நடத்தவில்லை. துகேத் என்ற கூட்டுக்குடும்ப அமைப்பு நிக்கோபாரிகளின் உயிர்நாடி. நிலமும் தென்னையும் பன்றியும் துகேத்துக்குச் சொந்தம். தனி ஒருவனுக்கு அல்ல. கிறிஸ்தவன் ஆனவன் துகேத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ரிச்சர்ட்சன் சொல்லியிருந்தால் சபை அன்றோடு முடிந்திருக்கும். அவர் சபையைத் துகேத்துக்குள் நட்டார்.

ஜப்பானியர் காலம்

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அதே ஆண்டில் கார் நிக்கோபாரும் அவர்கள் வசமாயிற்று. விமானத் தளம் அமைக்க மக்களைப் பிடித்து வேலை வாங்கினார்கள். தென்னந்தோப்புகள் வெட்டப்பட்டன. பன்றியும் கோழியும் படைக்குப் போயின. நோயும் பட்டினியும் வந்தன.

1945-இல் நேச நாட்டு விமானங்கள் தீவின் மேல் குண்டு போட்டபோது, ஊரார் உளவு சொல்கிறார்கள் என்ற சந்தேகம் ஜப்பானியருக்கு வந்தது. ஆங்கிலம் படித்தவர்கள், பள்ளியோடும் கோவிலோடும் தொடர்புள்ளவர்கள் முதலில் பிடிபட்டார்கள். அடித்துச் சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். அவரும் தம் பிள்ளையைப் பறிகொடுத்தார். தீவின் ஒவ்வொரு கிராமத்திலும் சாவு வீடு இருந்தது. அவர் வீடும் அதில் ஒன்று.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததால் அவர் உயிர் தப்பினார். கார் நிக்கோபாரில் நடந்த கொலைகளுக்காக ஜப்பானிய அதிகாரிகள் மீது 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது.

இதன் பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. போருக்கு முன் தீவில் சிறுபான்மையாக இருந்த சபை, போர் முடிந்த சில ஆண்டுகளில் ஏறக்குறையத் தீவு முழுவதையும் தழுவியது. வெளியிலிருந்து மிஷனரிகள் யாரும் பெருங்கூட்டமாக வரவில்லை. பணம் கொட்டவில்லை. மக்கள் கண்டது ஒன்றே. தப்பிப் போக வழி தேடாமல், பிள்ளையை இழந்தும் ஊரைக் கைவிடாமல், செத்தவர் வீடுகளில் உட்கார்ந்து, இருப்பவர்களுக்கு வேலையும் சோறும் தேடிக்கொடுத்த ஒரு மனிதர் தங்கள் நடுவில் இருந்தார். அவர் இருக்கும் இடத்தில் தாங்களும் இருக்க விரும்பினார்கள். சபைக்குள் வந்தவர்கள் பிறகு சும்மா இருக்கவும் இல்லை. போரில் அழிந்த வீடுகளையும் கோவில்களையும் கிராமத்தார் சேர்ந்தே எழுப்பினார்கள். துகேத்தில் பழகிய கூட்டு உழைப்பு கோவில் வேலைக்கும் கைகொடுத்தது.

டில்லியில் ஒரு நிக்கோபாரி

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தமான் நிக்கோபார் சபைகள் கல்கத்தா அத்தியட்சரின் கீழ் வந்தன. 1950-இல் ரிச்சர்ட்சன் கல்கத்தாவின் துணை பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். 1952-இல் முதல் லோக்சபா அமைந்தபோது அந்தமான் நிக்கோபாருக்குத் தேர்தல் கிடையாது. உறுப்பினரை ராஷ்டிரபதி நியமிக்க வேண்டும். அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் ரிச்சர்ட்சன். இந்தத் தீவுகளுக்காக நமது பார்லிமெண்டில் முதன்முதலாக உட்கார்ந்தவர் மூஸ் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்தான். நேரடித் தேர்தல் 1967-இல்தான் வந்தது.

1956-இல் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி கொண்டுவரப்பட்டது. அதன்படி நிக்கோபாரில் வெளியார் நிலம் வாங்க முடியாது. அனுமதியின்றி நுழையவும் கூடாது. தென்னந்தோப்புகள் வெளியார் கைக்கு மாறாமல் இன்றுவரை தீவார் கையில் நிற்பதற்கு இது பெரிய பாதுகாப்பு.

1965-இல் ரிச்சர்ட்சனுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1966-இல் அந்தமான் நிக்கோபார் தனி அத்தியட்சாதீனமாகி, அவர் அதன் முதல் பிஷப் ஆனார். தமிழ்நாட்டில் 1947-இல் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உண்டானது போல, வடக்கே 1970-இல் வட இந்தியத் திருச்சபை உண்டாயிற்று. அந்தமான் நிக்கோபார் அதில் சேர்ந்தது. போர்ட் பிளேர் சபைகளில் தமிழர், வங்காளி, ராஞ்சிக்காரர் என்று பல பாஷைக்காரர்கள் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரு நிக்கோபாரி மேய்ப்பராக இருந்தார். 1975-இல் பத்மபூஷண் வந்தது. 1977-இல் ஓய்வு பெற்றார். 1978 ஜூன் 3-ஆம் தேதி காலமானார்.

நமக்கு என்ன இதில்?

அந்தமான் நிக்கோபாரில் தமிழர் வராத துறை இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் உண்டு. சாலை போட்டவர் உண்டு. ஆபீசில் குமாஸ்தா உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலைநாட்டுத் தமிழர் சிலரைக் கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியேற்றினார்கள். வேறு மாநிலங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர் கதையும் இதே மாதிரிதான். எங்கே போனாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. நீ இந்த ஊரா, வெளியூரா?

பட்டா இருந்தால் ஊர்க்காரன், இல்லாவிட்டால் வெளியான் என்று பொதுவாக நினைக்கிறோம். நிக்கோபாரில் சட்டப்படி வெளியானுக்கு நிலமே கிடைக்காது. சாலமோன் உபதேசியாருக்கும் அங்கே ஒரு தென்னை கூடச் சொந்தமில்லை. அவரைத் தீவின் சரித்திரம் தன் மனிதராக எழுதி வைத்திருப்பது அவர் நடத்திய பள்ளிக்கூடத்தினால். ரிச்சர்ட்சன் நிலைமை வேறு. அவர் பிறப்பால் அந்த மண்ணின் பிள்ளை. ஆனால் படித்தபின் அவரும் பாதி வெளியானாக ஆகியிருக்கலாம். படித்த பிள்ளை ஊரை மறப்பது நாம் காணாததல்ல. அவர் தாம் கற்றதையெல்லாம் மறுபடி ஊருக்கே செலவழித்ததனால் மறுபடி ஊர்க்காரர் ஆனார்.

கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதோடு அவர் சபையார் ஆகிவிடுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகும் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் அந்நியராகவே இருப்பதையும் பார்க்கிறோம். புதிதாக வந்தவனை யாரும் கவனிக்கவில்லை என்ற மனக்குறை ஒரு பக்கம்; வந்தவன் ஒன்றிலும் கைவைப்பதில்லை என்ற முணுமுணுப்பு மறுபக்கம். நோயாளி வீட்டுக்குப் போகிறவர், சாவு வீட்டில் பந்தல் போடுகிறவர், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் ஆகியோருக்கு அந்தக் குறை வருவதில்லை. அவர் வராத அன்று, ஏன் காணோம் என்று நான்கு பேர் கேட்பார்கள். இது கோவிலுக்கும் பொருந்தும். தமிழ்ச் சங்கத்துக்கும் பொருந்தும். குடியிருக்கும் லைனுக்கும் பொருந்தும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி கார் நிக்கோபாரைச் சூறையாடியது. கரையோரக் கிராமங்கள் அழிந்தன. வீடுகளும் கோவில்களும் போயின. மக்கள் உட்பகுதிக்குக் குடிபெயர நேர்ந்தது. அப்போதும் பிழைத்தவர்கள் துகேத்தாகவும் சபையாகவும் ஒன்றாகவே தங்கி, இருந்ததைப் பகிர்ந்துகொண்டு எழுந்தார்கள். மூஸில் ஒரு தமிழ் உபதேசியார் சில சிறுவர்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி அப்போது நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.